எட்டாவது அத்தியாயத்தை எப்போது எழுதுவது?

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். வீட்டில் ஐந்து ஏக்கர் நிலம், சம்பா மட்டும். கணவர் உரக்கடையும் வைத்திருக்கிறார். பையன் எட்டாவது, பெண் யூகேஜி. மாமியாரும் கூட இருக்கிறார். ஒரு நாவலை ஆரம்பித்து ஏழு அத்தியாயம் எழுதியவர், போன தீபாவளிக்குப் பிறகு அதைத் தொடவில்லை. “பிள்ளைகள் தலையெடுக்கட்டும், அப்புறம் எழுதலாம் என்கிறார்கள். காத்திருக்கலாமா? இல்லை, விடியற்காலையில் எழுந்து எழுதிப் பழகவா? இதில் என்ன வரும்படி என்று அவர் கேட்கிறார், அதற்கு என்ன சொல்ல?” என்று மூன்று கேள்விகள்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். காத்திருக்காதீர்கள். யூகேஜி படிக்கிற பெண் ப்ளஸ் டூ முடிக்க இன்னும் 12 வருஷம் இருக்கிறது. அதற்குள் பையனுக்குப் பத்தாவது பரீட்சை, ப்ளஸ் டூ, காலேஜ் சீட்டுக்கு அலைச்சல் எல்லாம் வந்து போகும். அதெல்லாம் முடிகிற நேரத்தில் மாமியாருக்கு ஆஸ்பத்திரித் துணைக்கு ஆள் வேண்டியிருக்கும். வீட்டு வேலை குறைவதில்லை, யாருக்காகச் செய்கிறோம் என்பதுதான் மாறும். அதோடு, இப்போது உங்கள் மனதில் ஓடுகிற நாவல் 12 வருஷம் கழித்து அதே நாவலாக இருக்காது. வேறு ஒன்று வரலாம், இதைவிட நல்லதாகவும் வரலாம். இது வராது.

இரண்டாவது கேள்விதான் பெரியது.

நாலு மணிக்கு எழுந்தால் ஊர் அடங்கியிருக்கும், இரண்டு மணி நேரம் கிடைக்கும் என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இந்த யோசனையைச் சொல்கிறவருக்குப் பெரும்பாலும் ஐந்தரைக்குக் காபி போட்டுக் கொடுக்க யாரோ இருப்பார்கள். நம் பக்கத்து வீடுகளில் ஐந்து மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டாக வேண்டும். பால் வரும். ஆறரைக்கு இட்லிக் கொப்பரை அடுப்பில் ஏறும். ஏழே முக்காலுக்கு வேன்காரர் ஹாரன் அடிப்பார். இதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் வேண்டுமென்றால் தூக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். முதல் வாரம் எழுதுவீர்கள். இரண்டாம் வாரம் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவீர்கள். மூன்றாம் வாரம் நோட்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடுவீர்கள். இயல்பாகவே அந்த நேரத்துக்கு விழிப்பு வருகிறவர் என்றால் தாராளமாக எழுதுங்கள். இல்லையென்றால் அதை ஒரு விரதம் மாதிரி ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

தஞ்சாவூர் ஜில்லா எழுத்தாளர்களுக்குப் பேர்போனது. எம்.வி.வெங்கட்ராம் கும்பகோணத்தில் பட்டுச் சரிகை வியாபாரம் பார்த்தவர். தி.ஜானகிராமன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, பிறகு வானொலிக்குப் போனவர். அவர்களுக்கும் பிழைப்பு இருந்தது, குடும்பம் இருந்தது. ஆனால் கடையையும் ஆபீசையும் ஒரு நேரத்தில் பூட்டிவிடுவார்கள். அடுப்படிக்கு அந்த வசதி கிடையாது. அதனால் அவர்கள் எழுதிய முறையைப் பார்த்து நாம் நேரம் ஒதுக்கினால் சரிப்பட்டு வராது. நமக்குப் பக்கத்தில் வருகிறவர் வை.மு.கோதைநாயகி. 1901-இல் பிறந்தவர், ஆறு வயது நிறைவதற்குள் கல்யாணம் ஆனவர். முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள்தான் எழுதினார். அப்படித் தொடங்கியவர் நூற்றுக்கு மேல் நாவல் எழுதினார், ஜகன்மோகினி பத்திரிகையையும் நடத்தினார். இந்தச் சொல்லி எழுதுகிற விஷயத்துக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

நேரமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அச்சில் 250 பக்கம் வருகிற தமிழ் நாவல் ஏறக்குறைய 50,000 வார்த்தை. ஒரு தடவை உட்கார்ந்தால் 250 வார்த்தை என்று வைத்தால் 200 தடவை உட்கார வேண்டும். வாரத்துக்கு நாலு தடவை என்றால் ஒரு வருஷத்துக்குள் முதல் பிரதி கைக்கு வந்துவிடும். 250 வார்த்தைக்கு அரைமணி போதும். வாரத்தில் நாலு அரைமணி உங்கள் வீட்டிலும் கிடைக்கும். கிடைத்தும் ஏன் நடக்கவில்லை? அந்த அரைமணியில் இருபது நிமிஷம் விட்ட இடத்தைத் தேடுவதிலேயே போய்விடுகிறது. இவள் பெயர் மாலதியா மாதவியா, போன அத்தியாயத்தில் மழை பெய்ததா, இந்த ஆள் ஏன் கோபமாக இருந்தான் என்று முன்பக்கங்களைப் புரட்டுகிறோம். புரட்டும்போது கண்ணில் பட்ட பழைய வாக்கியத்தைத் திருத்துகிறோம். அதற்குள் குக்கர் மூன்றாவது விசில் அடித்துவிடுகிறது. பிள்ளைகள் கூப்பிடுவதால் போகிற நேரம் கொஞ்சம்தான். நாவலுக்குள் திரும்பி நுழைவதற்குச் செலவாகிற நேரம்தான் நம்மைச் சாப்பிடுகிறது. அதைக் குறைத்தால் மற்றது தானாக நடக்கும். நான் சொல்லப்போகிற எல்லாமே அதற்கான ஏற்பாடுகள்தான்.

முதலாவது, காட்சியை முடித்துவிட்டு எழுந்திருக்காதீர்கள். பாதியில் எழுந்திருங்கள். எழுந்திருக்கும்முன் இரண்டு நிமிஷம் எடுத்து ஒரு குறிப்பு எழுதுங்கள். என் நோட்டில் ஒரு குறிப்பு இப்படி இருக்கிறது: “செல்வி இன்னும் கொல்லையில்தான். கையில் பிழிந்த துணி, கடிதம் வாளிக்குக் கீழே. பெரியப்பா வாசலில் செருப்பைக் கழற்றப்போகிறார், அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்க வேண்டும். அவர் கையில் மஞ்சள் பை, மறக்காதே. அடுத்த வரி: இந்த நேரத்துக்கு அவர் வருகிற வழக்கமே இல்லை.” அவ்வளவுதான். ஆள் எங்கே இருக்கிறாள், கையில் என்ன, என்ன நடக்கப்போகிறது, அடுத்த வாக்கியம் எது. இதில் கடைசி ஒன்றுக்குத்தான் மதிப்பு அதிகம். மறுபடி உட்காரும்போது அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிவிட்டால் கை சூடு பிடித்துவிடும். பிறகு அந்த வாக்கியம் பிடிக்கவில்லை என்று அடித்துவிடலாம், அது வேறு விஷயம்.

இரண்டாவது, நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு பேரேடு. பெயர், வயது, யாருக்கு யார் என்ன முறை, எந்தத் தெருவில் எத்தனாவது வீடு, கதை எந்த வருஷம் எந்த மாசம். நம் பக்கத்துக் கதை என்றால் தண்ணீர் வந்த தேதியும் மழையும் புயலும் இல்லாமல் காலம் ஓடாது. கதை 2018-இல் நடக்கிறது என்றால் நவம்பர் 16 கஜா புயல் அடித்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது உங்கள் ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்று குறித்து வையுங்கள். அதற்கு அடுத்த மாசம் வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்பு நிழலில் இரண்டு பேரை உட்கார வைத்துப் பேச விட்டால் அங்கேயிருந்து வந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். இந்தப் பேரேடு இருந்தால் முன்பக்கம் புரட்டுகிற வேலை பாதி குறையும்.

மூன்றாவது, எந்த வேலையை எந்த நேரத்துக்கு வைப்பது. நாவல் எழுதுவது என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் பல வேலைகள் இருக்கின்றன. யோசிப்பதற்கு நாற்காலி தேவையில்லை. துணி அலசும்போதும் கடையில் பத்து நிமிஷம் கல்லாவில் உட்காரும்போதும் நடக்கும். பேச்சு எழுதுவது, அதாவது பாத்திரங்கள் பேசிக்கொள்வது, சத்தத்துக்கு நடுவிலும் வரும். வர்ணனைக்குக் கொஞ்சம் அமைதி வேண்டும். ராத்திரி ஏழு மணியிலிருந்து சீரியல் ஓடுகிற வீடு என்றால் அந்த நேரத்தைப் பிடியுங்கள், கிண்டலாகச் சொல்லவில்லை. மாமியார் டிவியில், பையன் ஹோம்வொர்க்கில், கணவர் கடையில். தோசைக்கல் எட்டரைக்குத்தான் அடுப்பேறும் என்றால் நடுவில் ஒரு பொழுது இருக்கிறது. பையனுக்கு எதிரில் அதே மேஜையில் உட்கார்ந்து எழுதுங்கள். அம்மாவும் ஏதோ எழுதுகிறாள் என்பது அவனுக்கும் நல்லது. சின்னவள் பேனாவைப் பிடுங்குவாள். அவளுக்கு ஒரு நோட்டு, ஒரு கலர் பென்சில். பத்து நிமிஷம் தாங்கும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

சொல்லி எழுதுவதற்கு இப்போது தோழி தேவையில்லை. கைபேசியில் கூகுள் விசைப்பலகையின் மைக்கை அமுக்கிவிட்டுத் தமிழில் பேசினால் எழுத்தாகிவிடுகிறது. ரகர றகரமும் ஒற்றும் அங்கங்கே சொதப்பும், நிறுத்தக்குறியை நாம்தான் போட வேண்டும், பேச்சுத்தமிழை அது நினைத்தபடி திருத்தும். இருந்தாலும் கொல்லையில் பாத்திரம் தேய்க்கும்போது தோன்றுகிற வசனத்தைப் பிடித்துவைக்க அதைவிட நல்ல வழி இல்லை. வாட்ஸப்பில் உங்கள் எண்ணுக்கே அனுப்பி வையுங்கள். முழு அத்தியாயத்தையும் இப்படிச் சொல்லி எழுத நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வாய் ஓடுகிற வேகத்தில் எல்லாப் பாத்திரமும் ஒரே மாதிரி பேச ஆரம்பித்துவிடும். பையனுக்குத் தட்டச்சு வேகமாக வரும் என்றால் கையெழுத்துப் பிரதியை யூனிகோடில் அடிக்கச் சொல்லலாம், ஆனால் அவன் படிக்கக் கூடாத அத்தியாயம் எது என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். வாரக் கணக்கு, நாள் கணக்கு எல்லாம் பட்டணத்துக்குச் சரி. டெல்டாவில் ஒரு குடும்பம் வருஷக் கணக்கில் ஓடுகிறது. நாவலையும் அந்தக் கணக்கில் வைக்க வேண்டும்.

உங்களுக்குச் சம்பா மட்டும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தாலும், நிலவரம் பார்த்துத் தள்ளிப்போட்டாலும், ஆடி கடைசி வரை உங்கள் வயலில் பெரிய வேலை கிடையாது. குறுவைக்காரர்கள் உரத்துக்கு வருவார்கள், அது கடையோடு போயிற்று. பள்ளிக்கூடமும் ஜூனில் திறந்துவிடும். வருஷத்திலேயே உங்களுக்குத் தொடர்ச்சியாகக் கிடைக்கிற நாட்கள் இவைதான். புதுப் பக்கங்கள் எழுத வேண்டியது இப்போது. கல்யாணம் காதுகுத்து எல்லாம் ஆவணிக்குமேல் தள்ளினால் நல்லது, ஆனால் அது நம் கையில் இல்லை. ஆடியில் யாரும் வைக்க மாட்டார்கள் என்பது ஒரு ஆறுதல்.

ஆவணியில் நாற்றங்கால், புரட்டாசியில் நடவு, பிறகு களை. ஆள்களுக்கு டீயும் சோறும் போக வேண்டும். யூரியாவுக்கும் டிஏபிக்கும் கடையில் வரிசை நிற்கும், கணவர் வீடு திரும்ப ராத்திரி பத்தாகும். இந்த மாதங்களில் அத்தியாயம் எழுதப் போராடாதீர்கள். சேகரியுங்கள். நடவுக்கு வந்தவர்கள் வரப்பில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டு இரண்டு வரி எழுதி வையுங்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் கலெக்டர் லீவு விடுவார், இரண்டு பிள்ளைகளும் வீட்டில், கரண்ட்டும் இருக்காது. அதற்கென்று தனியாக ஒரு சின்ன காட்சியை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடம், இரண்டே பேர், ஒரு சண்டை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நோட்டில் எழுதி முடித்துவிடக்கூடியது.

தையும் மாசியும் அறுவடை. இந்தக் காலத்தில் வீடு வீடாக இருக்காது. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வர வேண்டுமே என்று காயப்போட்டுக் காயப்போட்டு எடுப்பார்கள். ராத்திரி மேகம் கறுத்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். 40 கிலோ சிப்பமாகப் பிடித்து எடை போட்டு, பணம் கணக்கில் ஏறுகிற வரைக்கும் உங்கள் கணவருக்குத் தூக்கம் இருக்காது. அவருக்கு இல்லையென்றால் உங்களுக்கும் இல்லை. இந்த இரண்டு மாதம் நாவலை மூடி வையுங்கள், மனதை வருத்திக்கொள்ளாமல் மூடி வையுங்கள். ஆனால் மூடுவதற்கு முன்னால் அந்த இரண்டு நிமிஷக் குறிப்பைப் பெரிதாக ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். இந்த நாவலை வேறு யாரோ தொடர்ந்து எழுதப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். மாசி கடைசியில் வந்து பார்க்கிற நீங்கள் கிட்டத்தட்ட வேறு ஆள்தான். போன தீபாவளியோடு உங்கள் நாவல் நின்றதற்கு இந்த ஒரு பக்கம் இல்லாததுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் நடக்கிறது. அதற்குள் புத்தகம் வர வேண்டும் என்று பதிப்பாளர்களும் எழுதுகிறவர்களும் ஐப்பசியிலிருந்தே ஓட ஆரம்பிப்பார்கள். உங்களுக்கு அது நடவு முடிந்து மழை கொட்டுகிற மாதம். அந்த ஓட்டத்தில் சேராதீர்கள். நாவலுக்குச் சீசன் கிடையாது.

சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பயறும் எடுத்து முடித்து, பரீட்சையும் முடிந்து, சித்திரை கடைசியில் பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புவீர்கள் இல்லையா, அந்த நாட்கள் தங்கம். அதில் புதிதாக எதுவும் எழுதக் கூடாது. முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படிக்க வேண்டும். எழுதுவதைத் துண்டு துண்டாகச் செய்யலாம், முழுசாகப் படித்துப் பார்ப்பதை அப்படிச் செய்யவே முடியாது. மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போன மாடு பதினெட்டாம் அத்தியாயத்தில் பால் கறப்பது தொடர்ந்து படித்தால்தான் கண்ணில் படும். குறைந்தது மூன்று நாள், நடுவில் இடைவெளி இல்லாமல். வீட்டில் ஒரே ஒரு சலுகை கேட்கலாம் என்றால் இந்த மூன்று நாளைக் கேளுங்கள். தினமும் கொஞ்சம் உதவி செய்யுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். மே மாசம் இந்த மூன்று நாள் நான் சமைக்க மாட்டேன் என்று தேதியோடு சொன்னால் நடக்கும்.

மேலே போட்ட ஒரு வருஷக் கணக்கு காகிதத்தில் போட்டது. இதையெல்லாம் கழித்தால் இரண்டு வருஷம் ஆகும். ஏழு அத்தியாயம் ஏற்கெனவே கையில் இருப்பதால் கொஞ்சம் முன்னால் முடியலாம். கல்கி ‘பொன்னியின் செல்வ’னை வாராவாரம் எழுதி முடிக்கவே 1950-லிருந்து 1954 வரை ஆயிற்று. இரண்டு வருஷம் நீளம் இல்லை.

மாமியாரை எதிர்த்தரப்பில் உட்கார வைத்துவிடாதீர்கள். உங்கள் நாவலுக்கு வேண்டிய பாதி விஷயம் அவரிடம் இருக்கிறது. “அத்தை, உங்க காலத்துல நடவு ஆளுக்குக் கூலி நெல்லாவா குடுத்தீங்க, எந்த மரக்கால்ல அளப்பீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் பேசுவார், வேலை கெடும், ஆனால் அந்த ஒரு மணிக்கு நூலகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்தாலும் ஈடாகாது. அடுத்த நாளே, “என்னைப் பத்தியா எழுதுறே?” என்று சந்தேகம் வரும். ஊரை மாற்றுங்கள், தொழிலை மாற்றுங்கள், இரண்டு பேரை ஒருவராக்குங்கள். நம் ஊர்களில் தெருப் பெயரைச் சொன்னாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும் என்பதால் தெருப் பெயரைக் கட்டாயம் மாற்றுங்கள். முடிகிறவரை வீட்டில் யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம். பாதியில் கிடைக்கிற பாராட்டும் கெடுதல்தான்.

எட்டாவது அத்தியாயத்தைத் தொடங்குவதற்காக முதல் ஏழையும் திருத்த உட்கார்ந்துவிடாதீர்கள். ஏழாவதின் கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் படியுங்கள். பேரேட்டை நிரப்புங்கள். எட்டாவதை ஒரு பேச்சோடு ஆரம்பியுங்கள், வர்ணனையோடு வேண்டாம்.

கடைசியாக வரும்படி. உங்கள் கணவர் வியாபாரி, அவருக்குக் கணக்காகவே சொல்லுங்கள். ராயல்டி பொதுவாக விலையில் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். 300 ரூபாய் புத்தகம் 300 பிரதி விற்றால் 9,000 ரூபாய். பல நாவல்கள் இப்போது அந்த 300-ஐத் தொடவே நாளாகிறது. இதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டால் ஏமாற்றியதுபோல் இருக்கும். பணம் கட்டினால் புத்தகம் போட்டுத் தருகிறோம் என்று யாராவது வந்தால், எத்தனை பிரதி, யார் விற்பார்கள், மீதிக் கட்டு யார் வீட்டில் அடுக்கப்படும் என்று அவரையே பேசச் சொல்லுங்கள். உரக் கம்பெனி ஏஜெண்டுகளிடம் பேசிப் பழகியவர், அந்த வேலையை உங்களைவிட நன்றாகச் செய்வார்.